காதுக்கு எட்டாத கசிவு: பிள்ளைகளின் இதயமும் எக்கோ பரிசோதனையும்

சென்ற ஆண்டு ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, பள்ளிவாசல் ஹவ்ளுக்குப் பக்கத்தில் ஒரு தந்தை நம்மைத் தனியாக அழைத்தார். கையில் மருத்துவமனைச் சீட்டு. பத்து வயது மகனுக்கு இரண்டு வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சல். முதலில் முழங்கால் வீங்கியது, அது வற்றியதும் கணுக்கால் வலிக்க ஆரம்பித்தது. "ஹஜ்ரத், டாக்டர் நெஞ்சுல குழாய் வெச்சுக் கேட்டாரு. இதயத்துல சத்தம் ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னாரு. அப்புறம் எதுக்கு எக்கோ எடுக்கச் சொல்றாரு? பில்லை ஏத்தறதுக்கா?" என்று கேட்டார்.

நமக்கும் அப்போது பதில் தெரியவில்லை. "எடுத்துப் பாருங்கள், இன்ஷா அல்லாஹ் ஒன்றும் இருக்காது" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு அந்தப் பதில் நமக்கே திருப்தியாக இல்லை. மதரஸாவில் நாம் மருத்துவம் ஓதவில்லை. கல்லூரியில் படித்ததும் கலைப் பாடம்தான். ஆகவே தெரிந்த மருத்துவர்களிடம் கேட்டும், இது குறித்து வெளிவந்த ஆய்வுகளைப் படித்தும் அறிந்துகொண்டதை, பிள்ளை வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறோம்.

அந்த மருத்துவர் சந்தேகப்பட்டது ருமாட்டிக் காய்ச்சல் என்னும் வாதக் காய்ச்சலை. இது தொண்டையில் தொடங்குகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி பிள்ளைகளின் தொண்டையில் புண்ணை உண்டாக்குகிறது. அந்தக் கிருமியை எதிர்க்க உடல் தயாரிக்கும் எதிர்ப்புச் சக்தி, சில பிள்ளைகளுக்கு மட்டும், தன் சொந்த உடலையே எதிரி என்று தவறாக எடுத்துக்கொள்கிறது. தொண்டை வலி ஆறி, வீட்டில் எல்லோரும் அதை மறந்துபோன இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகு காய்ச்சலும் மூட்டு வலியும் வருகின்றன. பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் வரும் நோய் இது. மூட்டு வலி ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவும். சில நாட்களில் சுவடு இல்லாமல் போய்விடும். "வளர்ற பிள்ளைக்கு அப்படித்தான் கால் வலிக்கும்" என்று தைலம் தேய்த்துவிட்டு இருந்துவிடுகிறோம். இதயத்தின் வால்வில் பட்ட புண் அப்படிப் போய்விடுவதில்லை. காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் வால்வின் மெல்லிய இதழ்கள் தடித்து, ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சரியாக மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் ஆகிவிடுகின்றன.

சரி, அந்த வால்வை எப்படிப் பார்ப்பது? இந்தக் கேள்விதான் எக்கோவையே உலகத்துக்குக் கொண்டுவந்தது என்பது நமக்கு வியப்பாக இருந்தது. 1950களின் தொடக்கத்தில் ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில் இங்கெ எட்லர் என்ற இதய மருத்துவர் இருந்தார். வாதக் காய்ச்சலால் சுருங்கிப்போன மைட்ரல் வால்வை அறுவை செய்து விரிக்கும் சிகிச்சை அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. வால்வு சுருங்கியிருந்தால் அறுவை பலன் தரும். கசிவு அதிகமாக இருந்தால் அதே அறுவை ஆபத்தாகிவிடும். இரண்டில் எது என்று நெஞ்சைத் திறக்காமல் உறுதியாகச் சொல்ல வழியில்லை. எட்லர் தம் சிக்கலை ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இளம் இயற்பியலாளரிடம் சொன்னார். கப்பல் கட்டும் இடங்களில் இரும்புத் தகட்டுக்குள் விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலையை அனுப்பிப் பார்க்கும் கருவி ஒன்று உண்டு. ஹெர்ட்ஸ் பக்கத்து ஊரான மால்மோவின் கப்பல் தளத்துக்குப் போய் அந்தக் கருவியைத் தம் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தார். திரையில் ஒரு கோடு இதயத் துடிப்புக்கு ஏற்ப முன்னும் பின்னும் அசைந்தது. 1953 அக்டோபரில் அப்படிப்பட்ட ஒரு கருவியை இரவல் வாங்கி இருவரும் இதயத்தின் அசைவை முதன்முறையாகப் பதிவு செய்தனர். 1977இல் இருவருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது.

இன்று ஸ்கேன் அறையில் நடப்பதும் அடிப்படையில் அதுவேதான். நெஞ்சில் வைக்கும் சிறு கருவி, நம் காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்புகிறது. நம் காது விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். எக்கோவில் பயன்படுவது விநாடிக்குப் பல லட்சம் அதிர்வுகளைக் கொண்ட ஒலி. அது உடலுக்குள் விநாடிக்கு சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போய், தசையிலும் வால்விலும் பட்டுத் திரும்புகிறது. திரும்பி வர எடுத்த நேரத்தைக் கொண்டு, எது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று இயந்திரம் கணக்கிட்டுப் படமாக வரைகிறது. இடையில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது என்பதால்தான் குளிர்ந்த ஜெல்லைத் தடவுகிறார்கள். எக்ஸ்ரே போலக் கதிர்வீச்சு இதில் கிடையாது. கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் தயக்கமின்றி எடுக்கலாம்.

திரையில் சிவப்பும் நீலமும் தெரியும். நீலம் என்றால் கெட்ட ரத்தம் என்று பலர் பயந்துகொண்டு வருகிறார்கள், அப்படியல்ல. கருவியை நோக்கி வரும் ரத்தத்துக்குச் சிவப்பு, விலகிப் போவதற்கு நீலம், அவ்வளவுதான். நம்மை நோக்கி வரும் ரயிலின் கூவல் ஒரு மாதிரியும் கடந்து போனபின் வேறு மாதிரியும் கேட்கிறதல்லவா, அந்த மாற்றத்தை வைத்தே ரத்தத்தின் வேகத்தை அளக்கிறார்கள். வேகம் தெரிந்தால் அழுத்தமும் தெரிந்துவிடும். வேகத்தின் இருமடியை நான்கால் பெருக்க வேண்டும்: ரத்தம் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால், வால்வின் இரு பக்கத்துக்கும் இடையே அழுத்த வேறுபாடு 16. நார்வேயில் லிவ் ஹாட்லே என்ற பெண் மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1970களில் இதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பு இந்த ஒரு எண்ணுக்காக ரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குள்ளேயே குழாயைச் செலுத்த வேண்டியிருந்தது.

இனி அந்தத் தந்தையின் கேள்விக்கு வருவோம். சத்தம் இல்லை என்றால் நோய் இல்லை என்றுதானே பொருள்?

2007இல் கம்போடியாவிலும் மொசாம்பிக்கிலும் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்யப்பட்ட ஓர் ஆய்வு வெளியானது. கம்போடியாவில் 3,677 பிள்ளைகள், மொசாம்பிக்கில் 2,170 பிள்ளைகள். முதலில் மருத்துவர்கள் ஸ்டெதாஸ்கோப் வைத்து நோயைத் தேடினார்கள். அப்படிப் பார்த்ததில் நோய் உறுதியானது கம்போடியாவில் 8 பேருக்கு, மொசாம்பிக்கில் 5 பேருக்கு. அதே பிள்ளைகளுக்கு எக்கோ எடுத்தபோது கம்போடியாவில் 79 பேர், மொசாம்பிக்கில் 66 பேர். பத்து மடங்கு! இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தவர்கள். கசிவு ஓரளவு பெரிதான பிறகுதான் காதுக்குக் கேட்கும். அதுவரை வால்வு சத்தம் போடாமலே பழுதாகிக்கொண்டிருக்கிறது. 2015இல் அமெரிக்க இதயச் சங்கம் வாதக் காய்ச்சலைக் கண்டறியும் பழைய விதிகளைத் திருத்தியது. நோய் சந்தேகம் உள்ள எல்லோருக்கும் எக்கோ எடுக்க வேண்டும், காதில் எதுவும் கேட்காமல் எக்கோவில் மட்டும் தெரியும் வால்வுப் பாதிப்பையும் இதயப் பாதிப்பாகவே கணக்கில் கொள்ள வேண்டும் என்று அது சொன்னது. அந்த மருத்துவர் சீட்டில் எழுதியது பில்லுக்காக அல்ல.

ஆனால் ஆய்வாளர்களுக்கு இதில் ஒரு தர்மசங்கடம் இருந்தது. நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு "உனக்கு இதய நோய்" என்று சொல்வது சிறிய விஷயம் இல்லை. ஆரோக்கியமான இதயத்திலும் சிறு கசிவு தெரிவதுண்டு. எது சாதாரணம், எது நோய் என்று பிரிக்க உலக இதயக் கூட்டமைப்பு 2012இல் அளவுகோல் வகுத்தது. அதன் பிறகும், இப்படிக் கண்டுபிடித்த பிள்ளைக்கு ஊசி போட்டால் பலன் உண்டா என்பதற்கு விடை இல்லாமலே இருந்தது.

விடை உகாண்டாவின் வடபகுதியிலிருந்து வந்தது. அங்கே 5 முதல் 17 வயது வரையுள்ள 1,02,200 பிள்ளைகளுக்கு எக்கோ பார்த்தார்கள். முதல் பார்வையில் 3,327 பேருக்கு மறைந்திருக்கும் வால்வு நோய் இருக்கலாம் என்று தோன்றியது. நிபுணர் குழு மறுபடியும் ஆராய்ந்து, நோய் உறுதியாகி ஆய்வில் சேரத் தகுதி பெற்றவர்கள் 926 பேர்தான். முதல் எக்கோவில் ஏதோ தெரிகிறது என்று சொன்னவுடன் நிலைகுலைந்து போகும் பெற்றோர் இந்த எண்களைக் கவனிக்க வேண்டும். 916 பேர் சம்மதத்துடன் சேர்க்கப்பட்டு, குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சத்தைன் பெனிசிலின் ஊசி. நம் பக்கத்தில் பெனிடியூர் என்று சொல்வார்களே, அதே மருந்து. மறு பிரிவுக்கு ஊசி இல்லை.

பாதிப் பிள்ளைகளுக்கு மருந்தில்லாமல் விடுவது அநியாயம் இல்லையா என்று நமக்கும் முதலில் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் அப்படியல்ல. ஊசி நல்லது செய்யும் என்று தெரிந்துகொண்டே மறுத்திருந்தால் அநியாயம். இங்கே யாருக்கும் தெரியாது. வலி மிகுந்த ஊசி; வருடக்கணக்கில் போட வேண்டியது; மிக அரிதாகக் கடும் ஒவ்வாமையும் வரலாம். பலன் இல்லாமல் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை அந்த வேதனைக்கு ஆளாக்குவதும் அநியாயம்தானே?

இரண்டு ஆண்டுகள் கழித்து, எந்தப் பிள்ளை எந்தப் பிரிவு என்று தெரியாத நிபுணர்கள் எக்கோ படங்களை ஒப்பிட்டார்கள். ஊசி போடாத பிரிவில் 33 பேருக்கு வால்வு நோய் முற்றியிருந்தது, நூற்றுக்கு 8.2. ஊசி போட்ட பிரிவில் 3 பேருக்கு மட்டும்; நூற்றுக்கு 0.8. ஊசியால் குறிப்பிடத்தக்க பக்கவிளைவு ஏற்பட்டவர்கள் இரண்டே பேர். ஊசி போடாதவர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இரண்டு ஆண்டில் நோய் முற்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணக்குப் போட்டால், பதின்மூன்று பதினான்கு பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டு ஊசி போட்டால் ஒரு பிள்ளைக்கு நோய் முற்றாமல் தடுக்கப்படுகிறது. அந்த ஒரு பிள்ளை நம்முடையதாக இருந்தால் எப்படி இருக்கும் என்பதைப் பெற்றோரிடமே விட்டுவிடுகிறோம்.

காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்து நோய் உறுதியான பிள்ளைகளுக்கோ இந்த ஊசி அவசியம் என்பது பல பத்தாண்டுகளாகவே தெரிந்த விஷயம். மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை, சிலருக்கு 21 வயது வரை, வால்வு பழுதானவர்களுக்கு அதற்கு மேலும் போட வேண்டும். நம் வீடுகளில் கோளாறு இங்கேதான். பிள்ளை தேறிவிட்டது, ஓடியாடுகிறது, ஊசி போட்ட இடம் வீங்கி இரண்டு நாள் நொண்டுகிறது. பாவம், போதும் என்று ஆறே மாதத்தில் நிறுத்திவிடுகிறோம். ரமலானில் ஊசி முறை வந்தால் பெருநாளுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்களும் உண்டு. அப்படித் தள்ளத் தேவையில்லை. உணவாக அமையாத, தசையில் போடும் ஊசியால் நோன்பு முறியாது என்பதே இக்கால மார்க்க அறிஞர்கள் பெரும்பாலோரின் தீர்ப்பு. மனம் ஒப்பவில்லை என்றால் நோன்பு திறந்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள். நாளை மட்டும் தவறவிடாதீர்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். எக்கோவுக்கு மேலாடையைத் தளர்த்தி இடப்பக்கமாகப் படுக்க வேண்டியிருக்கும் என்பதால் சில தாய்மார்கள் தயங்குகிறார்கள். பெண் பணியாளரைக் கேளுங்கள், போர்வை கேளுங்கள், தாய் கூடவே நில்லுங்கள். பெண் பணியாளர் இல்லை என்பதற்காகப் பரிசோதனையையே கைவிடும்படி மார்க்கம் சொல்லவில்லை.

நமக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு முதல் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் மூச்சுத் திணறல் வந்தது. படுத்தால் இருமல், இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்தாள். "வயித்துப் பிள்ளைக்காரிக்கு இப்படித்தான் இருக்கும்" என்று எல்லோரும் சொன்னார்கள். எக்கோவில் மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பது தெரிந்தது. கர்ப்பத்தில் உடலில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி அளவுக்குக் கூடும். சுருங்கிய வால்வு வழியாக அது போக முடியாமல் நுரையீரலில் தேங்கிவிடுகிறது. பலூன் வைத்து வால்வை விரித்து, தாயையும் பிள்ளையையும் காப்பாற்றினார்கள், அல்ஹம்துலில்லாஹ். பத்து வயதில் மூட்டு வலி வந்ததும், ஊசி போட்டதும், பாதியில் நிறுத்தியதும் அவளுடைய உம்மாவுக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லவில்லை. சொன்னால் சம்பந்தம் நின்றுவிடும் என்ற பயம். நிகாஹில் இப்படி ஒரு குறையை மறைப்பது கூடாது என்பது ஒரு பக்கம். அவளைப் பார்த்த மகப்பேறு மருத்துவருக்கும் தெரியாமல் போனதுதான் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

பள்ளிவாசலில் நம்மிடம் வந்த தந்தை எக்கோ எடுத்துவிட்டார். மைட்ரல் வால்வில் லேசான கசிவு. அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை மகனைக் கூட்டிப் போகிறார். காலண்டரில் சிவப்பு மையால் நாட்களை வட்டமிட்டு வைத்திருக்கிறாராம். போன முறை பையன் நம்மைப் பார்த்து, ஊசி போட்ட மறுநாள் பந்து விளையாடலாமா என்று கேட்டான். அதை டாக்டரிடம் கேள் என்று சொன்னோம். அடுத்த எக்கோ ஷவ்வாலில்.