குறியும் குருவும்

வில்வித்தை என்றவுடன், கூரிய பார்வையும் பிறவிச் சாமர்த்தியமும் வாய்ந்தவர்க்கே அது கைகூடும் என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். புராணக் கதைகளைக் கேட்டு வளர்ந்த தேசத்தில் இவ்வெண்ணம் வேரூன்றியிருப்பது ஆச்சரியமன்று. ஆனால் இது பிழையான எண்ணம். அதுமட்டுமன்று, நம் கிராமச் சிறுவர்க்குத் தீங்கு செய்யும் எண்ணமுமாகும். பிறவியில் வாராதது பயிற்சியால் வாராது என்று தீர்மானித்துவிட்டால், ஆசானையும் மைதானத்தையும் தேடித்தரும் பொறுப்பு நம் தலையினின்றும் இறங்கிவிடுகிறதன்றோ?

இதனை நாம் புதுக்கோட்டை ஜில்லாவின் கடற்கரையிலுள்ள கோட்டைப்பட்டினத்தை மனத்திற்கொண்டு எழுதுகின்றோம். விசைப்படகும் வலையுமே அவ்வூரில் பல குடும்பங்களின் ஜீவனம். கடலுக்குச் சென்று இலங்கைக் கடற்படையினரிடம் சிறைப்பட்டோர் அவ்வூரிலும் உண்டு. தகப்பன் கரை திரும்பும் வரையில் வீட்டில் ஒருவருக்கும் உறக்கமில்லை. அத்தகைய ஊரிற் பிறந்த சிறுவனுக்கும் சிறுமிக்கும் விளையாட்டென்பது வெறும் பொழுதுபோக்கன்று. கல்விக்கும் உத்தியோகத்திற்கும் திறக்கும் மற்றொரு வாசலாகும். அவ்வாசலைத் திறக்க வில்வித்தை ஏற்றதா என்பதே நம் கேள்வி.

முதலில் குறியின் அளவைப் பார்ப்போம். ஒலிம்பிக் பந்தயத்தில் வில்லாளி 70 மீட்டர் தூரத்தினின்று அம்பை எய்கிறார். இலக்கின் முகம் 122 ஸென்டிமீட்டர் அகலம். பத்துப் புள்ளி தரும் நடுவட்டமோ 12.2 ஸென்டிமீட்டரே. அம்பு புறப்படும் திசை அரைப் பாகை பிசகினாற் போதும். அது இலக்கின் விளிம்பிற்குப் போய்விடும். நடுவட்டத்தினின்று விலகாமலிருக்க வேண்டுமாயின் ஒரு பாகையை இருபது கூறிட்டு அதில் ஒரு கூறுக்குமேல் பிசகலாகாது. இவ்வளவு நுட்பத்தைக் கண்ணின் கூர்மை ஒன்றே தந்துவிடுமோ? கண் குறியைக் காட்டும். அம்பை அனுப்புவது உடல்.

ஆகவே வில்லாளியின் வேலை, ஒரே காரியத்தை ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகச் செய்வதாகும். பாதங்களை ஊன்றும் விதம், வில்லைப் பற்றும் விதம், விரல்கள் நாணிற் படியும் இடம், இழுத்த நாண் மோவாயிலும் மூக்கிலும் தொட்டு நிற்கும் நிலை, முதுகுத் தசையின் இறுக்கம், விரல் தளர்ந்து அம்பு பிரிந்த பின்னரும் கை நிலைகுலையாமல் நிற்றல் ஆகிய இவையனைத்தும் மாறாதிருக்க வேண்டும். பழகுவோர் எய்த அம்புகள் நடுவட்டத்திற்கு வெளியே, ஆனால் ஒரே இடத்தில் நெருங்கிக் குத்தி நின்றால் நல்ல ஆசான் மகிழ்வார். வில்லிலுள்ள குறிகாட்டியைச் சிறிது நகர்த்தினால் அவை நடுவே வந்துவிடும். ஒன்று நடுவிலும் மற்றவை நாலா பக்கமும் சிதறினால் அவர் கவலையுறுவார். ஏனெனில் நடுவிற் பட்டது யதேச்சையாகப் பட்டதேயன்றி வித்தையாற் பட்டதன்று.

ஆசானின் அவசியம் இங்கேதான் விளங்குகிறது. நாணை இழுத்து நிற்பவன் தன் முழங்கை தாழ்ந்ததையும் தோள் உயர்ந்ததையும் காணமாட்டான். பிசகிய நிலையிலேயே ஆயிரம் அம்பு எய்தால் அப்பிசகு ஆயிரம் முறை உறுதிப்படும். அப்பியாசம் வித்தையை வளர்ப்பதுபோலவே பிழையையும் வளர்க்கும் என்பதைப் பலர் அறியார். ஆதலால் தேர்ந்த ஆசான்கள் இலேசான வில்லையே முதலிற் கொடுக்கின்றனர். பலத்தை மீறிய வில் தோளைக் கெடுத்துவிடும். சில அடி தூரத்தில் வைக்கோற் பலகையை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு எய்யச் சொல்லி, உடலின் நிலையை மாத்திரம் பழக்குகின்றனர். ஒரு வேளைக்கு ஒரு பிழையை மாத்திரமே திருத்துகின்றனர். தூரத்தைப் படிப்படியாகக் கூட்டுகின்றனர். நாள்தோறும் எய்த அம்பையும் பெற்ற புள்ளியையும் குறிப்பேட்டில் எழுதச் செய்கின்றனர்.

இனிச் சரித்திரத்தைப் பார்ப்போம். 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தை இயற்றிய அன்னிய ஆட்சியினர், பீரங்கியையும் துப்பாக்கியையும் எழுதிய அதே ஜாபிதாவில் வில்லையும் அம்பையும் சேர்த்தனர். அக்காலத்திற் கைவிட்டுப்போன வித்தை என்று நாம் வருந்தலாம். ஆனால் அவ்வாட்சி 1947-இல் நீங்கிவிட்டது. இன்று அந்தச் சாக்குச் செல்லாது.

1988-இல் ஸியோல் நகரத்து ஒலிம்பிக் பந்தயத்தில் இந்திய வில்லாளிகள் முதன்முறையாகக் கலந்துகொண்டனர். அவருள் ஒருவரான லிம்பா ராம் ராஜஸ்தானத்து ஆதிவாசிக் குடும்பத்தவர். மூங்கில் வில்லால் பறவை வேட்டையாடிய பையன். 1987-இல் சர்க்காரின் விளையாட்டு அதிகாரிகள் கண்டெடுத்துப் பயிற்சியளிக்க, மறு வருஷமே ஒலிம்பிக் மைதானத்தில் நின்றார். 1992-இல் ஆசியப் போட்டியில் 30 மீட்டர் தூரத்தில் 360-க்கு 358 புள்ளி பெற்று உலக சாதனையைச் சமன் செய்தார். காட்டிற் கற்றது கைக்கு உதவிற்று. எனினும் ஆசான் கைப்பட்ட பின்னரே அது உலகறிந்தது.

அதே 1988-இல்தான் பெண்கள் குழுப் போட்டி ஒலிம்பிக்கில் ஏற்பட்டது. அன்று முதல் 2024 பாரிஸ் வரையில் பத்து முறையும் தென் கொரியப் பெண்களே தங்கம் வென்றனர். நம்மவரோ அதே காலத்தில் ஒலிம்பிக் வில்வித்தையில் ஒரு பதக்கமும் பெற்றிலர். பாரிஸில் கலப்புக் குழு நான்காம் இடத்தோடு நின்றது. கொரியர்க்கு இரண்டு கண்ணுக்குமேல் உண்டோ? இல்லை. பள்ளிப் பருவத்திலேயே ஆசானிடம் சேர்வதும், சென்ற பந்தயத்தில் தங்கம் வென்றவரும் அடுத்த தேர்வில் மற்றவரோடு நின்று மறுபடி தகுதி காட்டவேண்டும் என்ற நியமமும் அவர்களிடம் உண்டு.

ஆசான் கிடைத்தால் நம்மவர் சளைத்தவரல்லர் என்பதற்குச் சான்றும் உண்டு. ஜம்மு மலைநாட்டில் கிஷ்துவார் ஜில்லாவில் இரு கைகளுமின்றிப் பிறந்த சீதள் தேவியை, குல்தீப் வேத்வான், அபிலாஷா சௌதரி என்ற ஆசான்கள் மாணவியாக ஏற்றனர். காலால் வில்லைப் பிடித்து, தோளால் நாணை இழுத்து எய்யும் முறையை அவருக்காக வகுத்தனர். 2024-இல் பதினேழாம் வயதில் அவர் பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் வெண்கலம் வென்றார். அதே பந்தயத்தில் ஹர்விந்தர் சிங் தங்கமே வென்றார். கைகளே இல்லாதவர்க்கு வந்த வித்தை, துடுப்புப் பிடித்த கைகளுக்கு வாராதோ?

கடற்கரைச் சிறுவரிடம் இவ்வித்தைக்கு வேண்டிய சில குணங்கள் முன்னமே அமைந்துள்ளன. காற்று எப்பொழுது திரும்பும், எவ்வளவு வலுக்கும் என்பதை அவர்கள் ஏட்டிற் படித்தவரல்லர், தோலால் அறிந்தவர். அம்பை வழிதிருப்பும் காற்றைக் கணிப்பது பெரிய வில்லாளிகளுக்கும் கடினமான பாடம். வலை பழுதுபார்க்கும் விரல்களுக்குப் பொறுமையும் ஒரே சீரும் புதியனவல்ல. எனினும், இக்குணங்களும் ஆசானின்றித் தாமே வித்தையாகிவிடா.

செய்ய வேண்டியதென்ன? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது. பள்ளிக் கோடை விடுமுறையின் பெரும்பகுதியும் அக்காலத்திலேயே வருகிறது. படகு கரையிலும் பிள்ளை வீட்டிலும் இருக்கும் அந்நாட்களிற் பயிற்சி முகாமைத் தொடங்கலாம். வெளிநாட்டு வில்லுக்கு லக்ஷ ரூபாய்க்கு மேலாகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நம் தேசியப் போட்டிகளில் மூங்கில் வில், மர வில் கொண்டு 30 மீட்டரிலும் 50 மீட்டரிலும் எய்யும் இந்திய முறைப் பிரிவொன்று உண்டு, அதிலிருந்து ஆரம்பிக்கலாம். ஜனங்கள் நடமாடும் கடற்கரை மணலில் அன்றி, பின்னால் உயர்ந்த மண்மேடு எழுப்பிய, வேலியிட்ட இடத்திலேயே எய்தல் வேண்டும். தேகப்பயிற்சி ஆசிரியர் ஒருவரை முறையான ஆசான் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிலையம் 1961 முதல் ஆசான்களைத் தயாரித்து வருகிறது. சென்னையில் ஷிஹான் ஹுஸைனி 2025-இல் காலமாகும் வரை வில்வித்தையைப் பரப்ப உழைத்தார். அத்தகைய உழைப்புத் தலைநகரோடு நின்றுவிடலாகாது.

கட்டிடம் எழுப்பிக் கல்வெட்டு நாட்டுவதில் நமக்குள்ள ஆவல், ஆசானுக்கு மாதச் சம்பளம் கொடுப்பதில் இல்லை. மைதானம் ஒரு நாளிற் திறக்கப்படும். வில்லாளி உருவாகப் பல வருஷம் செல்லும். முகாம் முடிந்தவுடன் ஆசானும் போய்விட்டால், மாணவன் கற்ற பாதி வித்தையும் துருப்பிடித்துவிடும்.

ஏகலைவன் கதையைக் கூறி, குருவின்றியும் வித்தை வரும் என்று சிலர் வாதிப்பர். குருவை மறுத்தவனல்லன் அவன். குரு மறுத்தமையால் மண்ணிற் குருவைச் செய்து வைத்துக்கொண்டவன். அவன் பெருமை அவனுடையது. அவனுக்கு ஆசானை மறுத்த சமூகத்தின் சிறுமை நம்முடையது. கோட்டைப்பட்டினத்துப் பிள்ளைகளும் மண் பொம்மையின் முன் நின்று பழகும்படி நாம் விடலாகாது. உயிருள்ள ஓர் ஆசானை அவர்களுக்குக் கொடுப்போம். அம்பை அவர்கள் பார்த்துக்கொள்வர்.