ஸ்டூல் இருக்கிறது, உட்காரத்தான் பயம்

மதுரை விளக்குத்தூண் பக்கம் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள், சேலை விரித்துக் காட்டும் பெண்ணின் கால்களை ஒருமுறை பாருங்கள். பேச்சு நம்மோடு இருக்கும். கீழே ஒரு பாதத்தைத் தூக்கி மறு பாதத்தின் மேல் வைத்திருப்பார். கொஞ்ச நேரத்தில் கால் மாறும். காலையிலிருந்து கிடைக்கிற ஓய்வே அதுதான். மேலூரிலிருந்தோ திருமங்கலத்திலிருந்தோ பஸ்ஸிலும் நின்றே வந்திருப்பார்.

சட்டம் தந்த இருக்கை

கேரளம் 2018-லேயே செய்ததைத் தமிழகம் 2021 செப்டம்பரில் செய்தது. 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. ஆனால் ஸ்டூல் போட்ட கடையிலும் உட்காரத் தயங்குகிறார்கள். சூப்பர்வைசர் பார்ப்பாரோ, கேமராவில் தெரியுமோ என்ற பயம். கால்வலியோடு இந்தப் பயமும் சேர்ந்துதான் உடம்பைக் கெடுக்கிறது.

பயம் நோயாகும் விதம்

லண்டன் அரசு ஊழியர்களிடம் 1967-லும் 1985-லும் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வுகள் புகழ்பெற்றவை. மேலதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களுக்கே இதயநோய் அதிகம், நோய் விடுப்பும் அதிகம். தன் வேலையில் தனக்கென்று எந்த முடிவும் இல்லாத நிலை அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்றார்கள் மைக்கேல் மார்மட் குழுவினர்.

நம் ஊரில் இது தண்ணீர் பாட்டிலில் தெரியும். பாத்ரூம் போக ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கக் கூச்சப்பட்டு, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். மாலையில் பாட்டில் பாதி நிறைந்தபடியே வீடு திரும்பும். அடிக்கடி நீர்க்கடுப்பு வரும் பெண்ணிடம், தண்ணீர் நிறையக் குடிம்மா என்று மட்டும் சொல்லி அனுப்பினால் எப்படித் தீரும்?

வேலை நேரமும் சேர்ந்துகொள்கிறது. வாரம் 55 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவருக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் கணக்கிட்டன. தினம் பத்து மணி நேரம், ஆறு நாள் என்றாலே அறுபது ஆகிவிடுகிறது.

லீவு சொல்லும் சேதி

மனசு சரியில்லை என்று யாரும் லீவு கேட்பதில்லை. தலைவலி, வயிற்றுவலி, கிறுகிறுப்பு என்றுதான் சொல்வார்கள். அது நடிப்பு இல்லை. ஓயாத பதற்றத்தில் தூக்கம் கெடும், ரத்த அழுத்தம் ஏறும், வயிறு எரியும். சம்பளம் பிடிப்பார்களே என்று காய்ச்சலோடு வேலைக்கு வருபவர்தான் பிறகு ஒரேயடியாகப் படுத்துவிடுகிறார். இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள், உரிய தகுதி இருந்தால், மருத்துவச் சான்றுடன் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீத ஊதியம் பெறலாம். இது தெரியாமலே வலியைப் பொறுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

முதலாளிகள் செய்யக்கூடியது பெரிய செலவில்லை. முறை வைத்து உட்காரச் சொல்லலாம். கேட்காமலே பாத்ரூம் போகலாம் என்று வாய்திறந்து சொல்லிவிடலாம். அடுத்த வார வேலை நேரத்தை முன்கூட்டியே எழுதி ஒட்டலாம். அதற்குப் பக்கத்திலேயே 14416 என்ற எண்ணையும் எழுதி வையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.