அம்மிக்கு இடமுண்டு, சோபாவுக்குத்தான் யோசனை

வேலை உறுதியாகிவிட்டது, விசாவும் கைக்கு வந்துவிட்டது. சிங்கப்பூரிலிருந்து பெர்த்துக்கோ மெல்பர்னுக்கோ குடிபெயரும் குடும்பத்தின் வரவேற்பறையில் அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கியதும் ஒரே கேள்விதான் எஞ்சும்: எதை எடுத்துச்செல்வது, எதை விட்டுச்செல்வது?

சமையலறை மூலையில் கிடக்கும் பாட்டியின் அம்மியைப் பார்த்ததும், “இவ்வளவு கனத்தை எப்படிக் கொண்டுபோவது?” என்று கேட்கத் தோன்றும். சோபாவைப் பார்த்து அப்படிக் கேட்கத் தோன்றாது. ஆனால், கப்பல் கட்டணம் கணக்கிடப்படும் முறையைத் தெரிந்துகொண்டால் நிலைமை தலைகீழாகிவிடும்.

கனமா, இடமா?

வீட்டுச் சாமான்களைக் கடல்வழி அனுப்பும்போது கட்டணம் பெரும்பாலும் அவை அடைத்துக்கொள்ளும் இடத்தைப் பொறுத்தது. 20 அடிக் கொள்கலன் ஏறத்தாழ 33 கன மீட்டர் கொள்ளும். 40 அடிக் கொள்கலன் அதைப்போல் இரு மடங்கு. முழுக் கொள்கலன் தேவைப்படாதவர்கள் மற்றவர்களுடன் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளலாம்.

2 மீட்டர் நீளச் சோபா கிட்டத்தட்ட ஒன்றரை கன மீட்டர் பிடிக்கும். அரை மீட்டருக்கும் குறைவான நீளமுள்ள அம்மிக்கு அதில் எழுபதில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. குடும்பத்தின் நினைவைச் சுமக்கும் குத்துவிளக்கு, புகைப்படத் தொகுப்பு, அம்மி போன்றவை அதிக இடம் பிடிப்பதில்லை. இடத்தை விழுங்குபவை போன இடத்திலேயே வாங்கிக்கொள்ளக்கூடிய மெத்தையும் அலமாரியும்தான். விமானச் சரக்கின் கணக்கு வேறு. எடை, பருமன் இரண்டில் எது கூடுதல் கட்டணம் தருகிறதோ அதுவே எடுத்துக்கொள்ளப்படும் என்பதால் அம்மியைக் கப்பலில் விடுவதே நல்லது.

கையோடு செல்ல வேண்டியவை

கப்பலில் ஏறிய பெட்டி புது வீட்டுக்கு வந்துசேரப் பல வாரங்கள் பிடிக்கும். எனவே கடப்பிதழ், பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், பிள்ளைகளின் பள்ளி, தடுப்பூசி ஆவணங்கள், அன்றாட மருந்து, நகை ஆகியவற்றைக் கையோடு எடுத்துச்செல்ல வேண்டும். ‘பவர் பேங்க்’ விமானத்தில் கைப்பையில் மட்டுமே அனுமதிக்கப்படும்.

ஆண்பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் மற்றொன்றையும் மறக்கக்கூடாது. தேசிய சேவைக் கடப்பாடு உள்ள மகன் 13 வயதை எட்டியிருந்து, மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்கப்போகிறார் என்றால், அதற்கு ‘எக்ஸிட் பர்மிட்’ எனப்படும் அனுமதி பெற வேண்டும்.

எல்லையில் நிற்கும் பொருள்கள்

ஆஸ்திரேலியாவின் உயிரியல் பாதுகாப்பு விதிகள் கடுமையானவை. வெளிநாட்டுப் பூச்சியும் நோயும் வேளாண்மையில் புகுந்துவிடக்கூடாது என்பதே நோக்கம். தமிழர் வீட்டில் சாதாரணமாக இருக்கும் பல பொருள்கள் இங்குக் கவனிக்கப்படுகின்றன. காய்ந்த மாவிலைத் தோரணம், விதைகள், தென்னந்துடைப்பம், மரத்தாலான பூசை மாடம், சேறு ஒட்டிய காலணி, சைக்கிள், பூந்தொட்டி ஆகியவை அவற்றுள் சில.

மரப்பொருளில் பட்டையோ பூச்சி அரித்த துளையோ இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். கடையில் இலவசமாகக் கிடைக்கும் பழப்பெட்டி, முட்டைப்பெட்டிகளில் சாமான்களை அடுக்கக்கூடாது. வைக்கோலையும் இடையில் திணிக்கக்கூடாது. பிரச்சினைக்குரிய பொருளை அதிகாரிகள் பரிசோதிக்கவோ, மருந்திட்டுச் சுத்திகரிக்கவோ, அழிக்கவோ கூடும். அந்தச் செலவு உரிமையாளரைச் சேர்ந்தது. சந்தேகம் எழுந்தால் மறைக்காமல் அறிவித்துவிடுவதே பாதுகாப்பு.

கிரைண்டர் ஓடுமா?

சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்கின் வடிவம் மட்டுமே வேறு. அதனால் இட்லி மாவு கிரைண்டரும் மிக்சியும் அங்கும் ஓடும். அமெரிக்காவுக்குச் செல்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. அங்கு 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்பதால் புதிதாக வாங்குவதே மேல்.

பட்டியல்தான் காவல்

ஒவ்வொரு பெட்டிக்கும் எண்ணிட்டு, உள்ளிருப்பதை எழுதிப் படமெடுத்து வைக்க வேண்டும். “சமையலறைச் சாமான்” என்று பொதுவாக எழுதினால் போதாது. இழப்பீடு கேட்கவும் சுங்கச் சோதனைக்கும் அந்தப் பட்டியலே உதவும். குடும்பத்தினரே கட்டிய பெட்டியில் பொருள் உடைந்தால் பல காப்புறுதித் திட்டங்கள் இழப்பீடு தருவதில்லை. எனவே கண்ணாடி, பீங்கான் பொருள்களை மட்டுமாவது நிறுவன ஊழியர்களிடம் கட்டக் கொடுப்பது நல்லது.

கேட்ட பிறகு கொடுக்கலாம்

எஞ்சியவற்றில் நல்ல நிலையில் உள்ளவற்றை உறவினர்களுக்கோ அறநிறுவனங்களுக்கோ அளிக்கலாம். பழைய கட்டில், அலமாரியை அகற்ற நகர மன்றத்தின் சேவைக்கு முன்பதிவு செய்யலாம்.

ஆனால், எதையும் வாசலுக்கு வெளியே வைக்குமுன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பது அவசியம். உடன் வராமல் சிங்கப்பூரிலேயே தங்கிவிடும் தாத்தா, பாட்டிக்கு இந்த வாரங்கள் மேலும் கடினமானவை. பிள்ளைகள் புது வீட்டை எண்ணியிருக்க, அவர்கள் கண்முன் பழைய வீடு வெறுமையாகிறது. எந்தப் படத்தை யார் வைத்துக்கொள்வது, சாமி அறையின் பழைய படங்களை என்ன செய்வது என்பதை அவர்களே சொல்லட்டும். ஒரு பொருளின் கதையை அவர்கள் சொல்லும்போது கைப்பேசியில் பதிவுசெய்துகொண்டால், அதற்குப் பெட்டியில் இடமே தேவையில்லை.

அம்மியை என்ன செய்வது என்பதையும் பாட்டியிடமே கேட்கலாம். “எடுத்துட்டுப் போ” என்று அவர் சொன்னால், இடுக்கில் மாவும் மண்ணும் இல்லாமல் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, பட்டியலில் சேர்த்துவிட வேண்டியதுதான்.