ஒன்பதாவதுக்கு ஊருக்கு அனுப்பும் முன்

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் குடும்பங்கள் சிலவற்றில் ஒரு வழக்கம் இருக்கிறது. பிள்ளை ஏழாவது, எட்டாவது வரை இங்கே அரசுப் பள்ளியில் படிக்கும். தமிழில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிடும். அப்புறம், “பத்தாவது பரீட்சையைச் சொந்த ஊரிலேயே எழுதட்டும், தாத்தா பாட்டியும் இருக்கிறார்கள்” என்று ரயிலேற்றிவிடுவார்கள். நான்கு வருடம் கழித்து அதே பிள்ளை கல்லூரி தேடித் திரும்பி வரும்போதுதான் அந்த முடிவுக்கு என்ன விலை என்பது புரிகிறது.

விலை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது கட்டணம். அமெரிக்காவில் அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிமாநில மாணவரிடம் பல மடங்கு கட்டணம் வாங்குவது ஊரறிந்த சங்கதி. நம் நாட்டிலும் இதே கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. இந்தூர் மருத்துவக் கல்லூரியில் அன்றைய மத்திய பாரத் மாநிலத்தில் வசிக்காதவர்களிடம் மட்டும் தனிக் கட்டணம் வாங்கியதை எதிர்த்து டெல்லி மாணவர் ஜோஷி உச்ச நீதிமன்றம் போனார். அரசமைப்புச் சட்டத்தின் 15-வது பிரிவு தடுப்பது பிறந்த இடத்தை வைத்துக் காட்டும் பாகுபாட்டை, வசிக்கும் இடத்தை வைத்து அல்ல என்று சொல்லி 1955-ல் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆனால் திருப்பூர்ப் பிள்ளைக்கு அடி விழுவது பெரும்பாலும் ஃபீஸ் ரசீதில் அல்ல, சீட்டிலும் உதவித்தொகையிலும்தான்.

சீட்டை முதலில் பார்ப்போம். பொறியியல் கலந்தாய்வில் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் படித்தவர் விண்ணப்பிக்கலாம். பெற்றோர் வேறு மாநிலத்தவர் என்றால் பிள்ளை பொதுப் பிரிவில் வைத்துப் பார்க்கப்படும். விண்ணப்பமே போட முடியாது என்பதில்லை. நடுவில் ஒன்பதாவதுக்கு ஊருக்குப் போனால் அந்தக் கணக்கு உடைந்துவிடும். பெங்களூரில் படித்துவிட்டு வரும் தமிழ்நாட்டுப் பிள்ளைக்கோ நேட்டிவிட்டி சான்றிதழ் கைகொடுக்கும். திருச்சி என்.ஐ.டி.யில் இடங்களில் பாதி இந்த மாநிலத்தவருக்கு. அங்கே ‘இந்த மாநிலத்தவர்’ யார் என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பை எங்கே தேர்ச்சி பெற்றார் என்பதை வைத்தே தீர்மானிக்கிறார்கள், அப்பாவின் ஊரை வைத்து அல்ல. திருப்பூரில் பிளஸ் டூ முடித்த ஒடியா பிள்ளை அந்தப் பாதியில் போட்டியிடலாம். ஊரில் போய் முடித்த பிள்ளைக்கு அது கிடையாது.

புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய்க்கும், தொழிற்கல்வியில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் அடிப்படை, ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான அரசுப் பள்ளிப் படிப்பு. இவற்றிலும் இடையில் விட்ட வருடத்தைப் பின்னால் ஈடுகட்ட வழியில்லை.

சாதிச் சான்றிதழும் அதை ஒட்டிய பணமும் வேறு கதை. எஸ்.சி., எஸ்.டி. பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஒரு மாநிலத்துச் சான்றிதழை வைத்து இன்னொரு மாநிலத்தின் இடஒதுக்கீட்டைக் கேட்க முடியாது என்று 1990-ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூன்று தலைமுறையாக ஒடுக்கப்பட்டவன், ரயிலில் எல்லை தாண்டியதும் முன்னேறியவன் ஆகிவிடுகிறான்! சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் மத்திய அரசின் நிறுவனங்களில் அந்தச் சான்றிதழ் செல்லும். என்.ஐ.டி.யில் எஸ்.சி., எஸ்.டி. மாணவருக்குக் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. மற்றவர்களில் குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குக் கீழே என்றால் முழுதும், 1 முதல் 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கும் தள்ளுபடி. பத்தாம் வகுப்புக்கு மேலான எஸ்.சி. உதவித்தொகையை, குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், மாணவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அந்த மாநிலம்தான் தர வேண்டும். பாட்னாவிலோ புவனேஸ்வரிலோ விண்ணப்பிக்க வேண்டியதைத் திருப்பூர் தாலுகா ஆபீசில் கேட்டு அலைந்து பயனில்லை.

பலர் கண்ணில் படாத கதவு இ.எஸ்.ஐ. அதன் மருத்துவக் கல்லூரிகளில், காப்பீடு உள்ள தொழிலாளியின் பிள்ளைக்கென்று எம்.பி.பி.எஸ். இடங்கள் உண்டு. நீட் மதிப்பெண்ணை வைத்து அகில இந்திய அளவில் நிரப்புகிறார்கள். சென்னை கே.கே. நகரிலும் கல்லூரி இருக்கிறது, பாட்னா அருகே பிஹ்டாவிலும் இருக்கிறது. இதற்குத் தேவை அப்பாவோ அம்மாவோ இ.எஸ்.ஐ.யில் இருப்பதும், காப்பீட்டாளரின் பிள்ளை என்று அங்கிருந்து வாங்கும் சான்றும். சந்தா எத்தனை காலம் கட்டியிருக்க வேண்டும் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்க்க வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்கும் டைலரோ, செக்கிங் பெண்ணோ, பீஸ் ரேட்டோ, கான்ட்ராக்டோ, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் இ.எஸ்.ஐ. உண்டு. 15,000 சம்பளத்தில் பிடித்தம் சுமார் 113 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம். “பிடித்தம் வேண்டாம், கையில் கொடுங்கள்” என்று சனிக்கிழமைச் சம்பளத்தில் மிச்சம் பிடிப்பவர்கள், பிள்ளைக்கு இருக்கும் ஒரு சீட்டு வாய்ப்பையும் சேர்த்து விட்டுக்கொடுக்கிறார்கள். பிடித்தும் கட்டாத கம்பெனி என்றால் சம்பளச் சீட்டோடு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

“வெளிமாநிலப் பையனா, டொனேஷன் கட்டினால் சீட்” என்று வரும் ஏஜெண்டுகளிடம் உஷார். தமிழ்நாட்டில் 1992-ம் ஆண்டுச் சட்டப்படி கேபிடேஷன் கட்டணம் வாங்குவது குற்றம். கட்டணத்துக்குக் கடன்தான் வழி என்றால், வங்கிகள் 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது. கேட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறமும் பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு 14448.

சேர்ந்த பிறகு விலகினாலும் பணம் மொத்தமும் போய்விடாது. 2018-ல் யு.ஜி.சி. அறிவித்தபடி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளுக்கு முன்பே விலகினால் சிறு பிடித்தம் போக முழுக் கட்டணமும், அதற்குப் பிறகு கடைசித் தேதிக்குள் விலகினால் 90 சதவீதமும், தேதி தாண்டி 15 நாளுக்குள் என்றால் 80 சதவீதமும், 30 நாளுக்குள் என்றால் பாதியும் திரும்ப வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளவும் கூடாது. எந்த இடத்திலும் மறுத்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக் குழுவை 15100-ல் கூப்பிடலாம். ஆலைத் தொழிலாளிக்கும் பெண்ணுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் அங்கே வக்கீல் இலவசம். எந்த மாநிலத்தவர் என்பது அங்கே தடையில்லை.