தென்காசியா, செங்கோட்டையா? பக்கத்துப் பக்கத்து ஊர்ல ஒண்ணை எப்படித் தேர்ந்தெடுக்கிறது

(எபிசோடின் பேச்சு, வாசிப்புக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

ஒரு லிஸனர் அனுப்பின வாய்ஸ் நோட்டுக்கு இந்த எபிசோடு முழுக்கப் பதில். அவங்க பேர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. விஷயம் இதுதான்: கணவன், மனைவி ரெண்டு பேருக்கும் முழு ரிமோட் வேலை. அஞ்சு வயசுல ஒரு பொண்ணு. கூடவே அவங்க அப்பா, வயசு 68, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஸ்டென்ட் வெச்சிருக்காங்க. சென்னையை விட்டுட்டு தென்காசிப் பக்கம் போறதுன்னு முடிவாயிடுச்சு. சண்டை எங்கேன்னா, அவருக்குச் செங்கோட்டையில பார்த்த தனி வீடு பிடிச்சிருக்கு. மொட்டை மாடியில நின்னா மலை தெரியுது, பின்னாடி நாலு தென்னை. இவங்களுக்குத் தென்காசி டவுனுக்குள்ள ஒரு டபுள் பெட்ரூம் ஃபிளாட். வாடகை கொஞ்சம் கூட, மலை தெரியாது, ஆனா எல்லாமே நடக்கிற தூரம். ரெண்டு பேரும் எக்ஸெல் ஷீட் போட்டு மார்க் குடுத்திருக்காங்க. வந்த ஸ்கோர் 73க்கு 71. "இதை வெச்சு என்ன பண்றது?"ன்னு கேட்டிருந்தாங்க.

ஒண்ணும் பண்ண முடியாது. ஏன்னு சொல்றேன்.

முதல்ல டிஃப் பாருங்க

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவுல சுமார் 8 கிலோமீட்டர். ஷீட்ல "கிளைமேட்", "சென்னைக்கு ட்ரெயின்", "ஏர்போர்ட் தூரம்"னு வரிசை போட்டா, பாதிக்கு மேல ரெண்டு ஊருக்கும் ஒரே பதில்தான் வரும். நம்ம கோடு ரிவ்யூ பண்றப்போ முழு ஃபைலையும் படிக்கிறது இல்ல, மாறின வரியை மட்டும்தான் பார்ப்போம். இங்கேயும் அதேதான். ஒரே மாதிரி இருக்கிற வரிசைகளைத் தூக்கிடுங்க. இல்லன்னா அந்தப் பொது மார்க்குக்குள்ள உண்மையான வித்தியாசம் மூழ்கிடும். கடைசியில அன்னைக்கு இருக்கிற மூடுதான் முடிவு பண்ணும்.

என்னென்ன பொதுன்னு வேகமாப் பார்த்துடலாம்.

சாரல் பொது. ஜூன்ல தென்மேற்குப் பருவக்காத்து ஆரம்பிக்கிறப்போ மேற்குத் தொடர்ச்சி மலை அதைத் தடுத்துடும், அதனால தமிழ்நாட்டுல பெரும்பகுதி காய்ஞ்சு கிடக்கும். ஆனா செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவு கிட்ட மலையில ஒரு இடைவெளி இருக்கு. அது வழியா ஈரக்காத்து இந்தப் பக்கம் பூந்துடும். குற்றாலம் சீசன், அந்தப் பொடிச் சாரல், சுத்துவட்டாரத்துல சுத்துற காத்தாடி எல்லாத்துக்கும் அந்த இடைவெளிதான் காரணம். மலைக்கு இன்னும் நெருக்கமா இருக்கிறதால செங்கோட்டையில சாரல் கொஞ்சம் கூட இருக்கும். ஆனா ரெண்டுமே அடிவாரத்து ஊர்தான், ஊட்டி, கொடைக்கானல் உயரம் கிடையாது. ஏப்ரல், மே மாசம் ரெண்டு ஊர்லயும் நல்லா வேர்க்கும்.

ட்ரெயின் பொது. சென்னைக்குப் போற பொதிகை செங்கோட்டையில கிளம்பி தென்காசி வழியாத்தான் போகுது. கேரளாப் பக்கம் வேலைன்னா, 1904ல போட்ட கொல்லம் மீட்டர்கேஜ் பாதை 2018ல முழுசா பிராட்கேஜ் ஆயிடுச்சு. பாலருவி எக்ஸ்பிரஸ் ரெண்டு ஊர்லயும் நிக்குது. கிளம்புற ஸ்டேஷன்ல ஏறுறதுல செங்கோட்டைக்காரங்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு, அவ்வளவுதான். ஏர்போர்ட்டும் பொது: தூத்துக்குடி, திருவனந்தபுரம், மதுரை மூணுமே கார்ல தோராயமா ரெண்டு மணி நேரம், இல்ல அதுக்கு மேல.

பரோட்டாவும் பொதுதான்! பிரானூர் பார்டர்னு சொல்றோமே, 1956 நவம்பர் வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம் இருந்துச்சு. பழைய எல்லை அங்கே இருந்ததாலதான் அந்தப் பேர். இன்னைக்குக் கேரள எல்லை புளியரை தாண்டிப் போயிடுச்சு, பேர் மட்டும் அங்கேயே நின்னுடுச்சு. எந்த ஊர்ல குடியிருந்தாலும் ராத்திரி போய் சாப்பிட்டு வந்துடலாம்.

எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு அவசரம்

மிச்சம் இருக்கிறதை ரெண்டு கேள்வியால பிரிங்க. இது எனக்கு எவ்வளவு அடிக்கடி வேணும்? வேணுங்கிறப்போ எவ்வளவு அவசரமா வேணும்?

வாரத்துக்கு ஒரு தடவை, அவசரம் இல்லாம வேணுங்கிற எதுக்கும் 8 கிலோமீட்டர் ஒரு தூரமே இல்ல. ஜவுளிக்கடை, பல் டாக்டர், கலெக்டர் ஆபீஸ் எல்லாம் இந்தக் கணக்குல வரும். 2019 நவம்பர்ல தென்காசி தனி மாவட்டம் ஆனதுல இருந்து பெரிய ஆபீஸ் வேலைக்குத் திருநெல்வேலி வரைக்கும் போக வேண்டியது குறைஞ்சிருக்கு. செங்கோட்டையில இருந்து அதுக்கு ஒரு பஸ் போதும்.

முடிவைத் தீர்மானிக்கிறது ரெண்டே வகைதான். தினமும் வேணுங்கிறது, ராத்திரி ரெண்டு மணிக்கு வேணுங்கிறது.

தினமும் வேணுங்கிறது

2011 கணக்கெடுப்புப்படி தென்காசி நகராட்சியில சுமார் 70 ஆயிரம் பேர், செங்கோட்டையில சுமார் 27 ஆயிரம் பேர். இந்த வித்தியாசம் உங்க வாழ்க்கையில எங்கே தெரியும்னா, ராத்திரி ஒன்பதரைக்குத் திறந்திருக்கிற மெடிக்கல், நினைச்ச நேரத்துக்கு ஆட்டோ, பொண்ணை டான்ஸ் கிளாஸ்ல விட ரெண்டு மூணு சாய்ஸ், இதுலதான். அப்பா தனியா நடந்து போய் பேப்பர் வாங்கிட்டு, டீ குடிச்சுட்டு, நாலு பேர்கிட்டப் பேசிட்டு வர முடியுமா? இதையும் மறக்காதீங்க. ஊர் மாறி வர்ற பெரியவங்களுக்கு இது சின்ன விஷயம் கிடையாது. கார் ஓட்டத் தெரிஞ்சவங்க வீட்டுல இருக்கிறப்போதான் வெளியே போக முடியும்னா, மலை எவ்வளவு அழகா இருந்தாலும் அவங்களுக்கு அது ஒரு ரூம்தான்.

அதே சமயம், சின்ன ஊர்னா அமைதின்னும் முடிவு பண்ணிடாதீங்க. கொல்லம் போற நெடுஞ்சாலை செங்கோட்டை வழியாத்தான் புளியரைக்கு ஏறுது. எம்-சாண்டு, ஜல்லி, காய்கறின்னு கேரளாவுக்குப் போற லாரி எல்லாம் அந்த வழிதான். கார்த்திகை, மார்கழியில ஐயப்ப பக்தர்கள் வண்டியும் சேர்ந்துக்கும். தென்காசியில வேற மாதிரி. சீசன் சமயத்துல சனி, ஞாயிறு குற்றாலக் கூட்டம் டவுனை அடைச்சுடும். அதனால ஊரை விட தெரு முக்கியம். மெயின் ரோட்டுல இருந்து வீடு எத்தனை தெரு உள்ளே இருக்குன்னு எண்ணுங்க.

ரிமோட் வேலைக்கும் இதேதான். "ஊர்ல ஃபைபர் இருக்கா?"ங்கிறது தப்பான கேள்வி. அந்தத் தெருவுல, அந்த வீட்டுக்கு, ரெண்டு வேற வேற கம்பெனி லைன் கிடைக்குமான்னு கேளுங்க. பக்கத்து வீட்டுல யார் கனெக்‌ஷன், கட்டானா எத்தனை நாள்ல சரி பண்றாங்கன்னு விசாரிங்க. மாசாந்திரப் பராமரிப்புக்குப் பகல்ல பல மணி நேரம் கரென்ட் இருக்காது. ரெண்டு பேரும் மீட்டிங்ல இருக்கிற வீட்டுக்கு அது தாங்காது. இன்வெர்ட்டர் செலவை வாடகையோட சேர்த்துக் கணக்குப் போடுங்க.

ராத்திரி ரெண்டு மணி

இப்போ அப்பா விஷயம். இதைத்தான் அந்த ஷீட்ல "ஹாஸ்பிடல்: 7/10, 8/10"னு ஒரே வரியில முடிச்சிருந்தாங்க.

நெஞ்சுவலியில நேரம்தான் எல்லாம். அடைப்பு நீங்க எவ்வளவு லேட் ஆகுதோ, அவ்வளவு இதயத் தசை செத்துப்போகும். அதனால தெரிய வேண்டியது ரெண்டு நேரம். ஒண்ணு, வீட்டுல இருந்து முதல் ஈசிஜி எடுக்கிற வரைக்கும் எவ்வளவு நேரம். ரெண்டாவது, வீட்டுல இருந்து ஆஞ்சியோ பண்ற இடம் வரைக்கும் எவ்வளவு நேரம்.

முதல் நேரத்துல தென்காசிக்கு லாபம் இருக்கு. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை அங்கேதான். செங்கோட்டையிலயும் அரசு மருத்துவமனை இருக்கு, ஆனா கட்டடம் இருக்கிறதும், ராத்திரி ரெண்டு மணிக்கு ஈசிஜி எடுத்துப் பார்க்க டாக்டர் இருக்கிறதும் ஒண்ணு இல்ல. இதை நேர்ல போய்க் கேளுங்க. "ராத்திரி டியூட்டி டாக்டர் இருப்பாங்களா, ஈசிஜி எடுப்பீங்களா, ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி இங்கேயே போடுவீங்களா, இல்ல அனுப்பிடுவீங்களா?" இந்த மூணு கேள்வியை அரசு, தனியார் எல்லா இடத்துலயும் கேளுங்க. கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

ரெண்டாவது நேரத்துலதான் உண்மையான செய்தி இருக்கு. பெரிய சிகிச்சைன்னா திருநெல்வேலி வரைக்கும் போக வேண்டி வரலாம். தென்காசியில இருந்து அது 50 கிலோமீட்டருக்கு மேல. செங்கோட்டையில இருந்துன்னா, தென்காசியைத் தாண்டித்தான் போகணும், அதனால இன்னொரு 8 கிலோமீட்டர். அதாவது நீங்க சண்டை போடுறது கால் மணி நேரத்துக்கு. ரெண்டு ஊருக்கும் பொதுவா இருக்கிற ஒரு மணி நேரத்தைப் பத்தி யாரும் பேசவே இல்ல.

பொதுவா இருக்கிற வரிசையைத் தூக்கச் சொன்னேன் இல்லையா? தூக்குறதுக்கு முன்னாடி ஒரு செக் இருக்கு. அந்தப் பொது பதில் உங்களால ஏத்துக்க முடியிற பதில்தானா? இல்லன்னா பிரச்சனை ஊர்களுக்கு நடுவுல இல்ல, லிஸ்ட்லயே இருக்கு. அப்பாவோட கார்டியாலஜிஸ்ட்கிட்ட முதல்ல கேளுங்க: "பெரிய ஆஸ்பத்திரியில இருந்து ஒரு மணி நேரத் தூரத்துல இவர் குடியிருக்கலாமா?" அவர் யோசிச்சார்னா, திருநெல்வேலியை மூணாவது ஆப்ஷனா லிஸ்ட்ல சேருங்க. வாரக்கடைசிக்கு மலை அங்கேயேதான் இருக்கும்.

ஜூலையில வீடு பார்க்காதீங்க

இன்னொரு விஷயம். இந்தப் பக்கம் வீடு தேடுறவங்க பலர் சீசன்ல வந்து, நனைஞ்சு, மயங்கி, அட்வான்ஸ் குடுத்துட்டுப் போயிடுறாங்க. சீசன்ல குற்றாலத்தைச் சுத்தி வீடுகளை நாள் வாடகைக்கு விடுறதும் உண்டு, அப்போ கேட்கிற விலையை வெச்சு மாச வாடகையைக் கணிக்க முடியாது. ஏப்ரல் கடைசியில வாங்க. மொட்டை மாடி ரூம்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு உக்காந்து பாருங்க. கிணறோ போரோ அப்போ எப்படி இருக்கு, நகராட்சித் தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருதுன்னு பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேளுங்க. வீட்டுக்காரர் சொல்றதை விட அது நம்பகமான டேட்டா.

என் பதில்

டாக்டர் ஓகே சொன்னா, இந்தக் குடும்பத்துக்கு முதல் வருஷம் தென்காசிதான் சரின்னு நினைக்கிறேன். காரணம் அந்த 8 கிலோமீட்டர் ஆம்புலன்ஸ் தூரம் மட்டும் இல்ல. அந்த வீட்டுல கார் ஓட்டாத ரெண்டு பேர் இருக்காங்க, ஒரு தாத்தா, ஒரு பேத்தி. தினசரித் தேவை அவங்களுக்குத்தான் அதிகம். அப்பா மட்டும் சென்னையில அண்ணன்கூட இருக்கிறார், இவங்க ரெண்டு பேர் மட்டும்தான் வர்றாங்கன்னு இருந்திருந்தா, யோசிக்காம அந்தத் தென்னை மர வீட்டையே சொல்லியிருப்பேன். ஒரே ரெண்டு ஊர்தான், யார் குடியிருக்கப் போறாங்கங்கிறதை வெச்சுப் பதில் மாறுது.

வாடகைக்குத்தான் போங்க, பதினோரு மாச ஒப்பந்தம் போட்டு. உடனே நிலம் வாங்காதீங்க. பக்கத்து ஊரைத் தேர்ந்தெடுக்கிறதுல இருக்கிற பெரிய நிம்மதியே, தப்பாப் போனா ஒரு மினி லாரியில சாமானை ஏத்தி மத்தியானத்துக்குள்ள மாறிடலாங்கிறதுதான். அப்பவும் மாத்த முடியாம நிக்கிறது ஸ்கூல் ஒண்ணுதான். அதனால பொண்ணுக்கு ஸ்கூல் சேர்க்கிறப்போ, ரெண்டு ஊருக்கும் வேன் அனுப்புற ஸ்கூலாப் பார்த்துச் சேருங்க.

உங்களுக்கும் இப்படி ரெண்டு ஊர் இருந்தா, பொள்ளாச்சி உடுமலையோ, காரைக்குடி தேவகோட்டையோ, வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு சேர்த்து அனுப்புங்க. அது இல்லாம ஊர் பேரை மட்டும் அனுப்பினா என்னால பதில் சொல்ல முடியாது.