நாலு மீட்டருக்குள் ஒரு குடும்ப வண்டி

புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணம் போன்ற ஓர் ஊரில் ஒரு குடும்பம் முதல் கார் வாங்கப் பேச்செடுத்தால், இன்று அந்தப் பேச்சு பெரும்பாலும் காம்பாக்ட் எஸ்.யூ.வி.யில்தான் வந்து நிற்கிறது. ஒரு காலத்தில் ஸ்விஃப்டா ஐ20யா என்று நடந்த விவாதம், இப்போது நெக்ஸானா, வென்யூவா, பிரெஸ்ஸாவா என்று நடக்கிறது. 2024-இல் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் டாடா பஞ்ச். மாருதி பல பத்தாண்டுகளாக வைத்திருந்த முதலிடத்தை உயரமான ஒரு சின்ன வண்டி பிடித்தது. இந்த விருப்பத்தில் நியாயம் இருக்கிறது. கொஞ்சம் மயக்கமும் கலந்திருக்கிறது. காடு மேடு ஏறுவதற்கென்று இந்த வண்டிகள் பிறக்கவில்லை. வரிச் சட்டம் போட்ட அளவுக்குள் அடங்கும்படி, சின்னக் காரை உயர்த்திக் கட்டியதுதான் காம்பாக்ட் எஸ்.யூ.வி. அதைத் தெரிந்து வாங்குகிறவருக்கு இது அருமையான குடும்ப வண்டி. ஜீப்பின் தம்பி என்று நம்பி வாங்குகிறவர், பயன்படுத்தவே போகாத ஒன்றுக்குப் பணம் கட்டுகிறார்.

கதை 2006 மத்திய பட்ஜெட்டில் தொடங்குகிறது. அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம், சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் என்றால் எஞ்சின் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள் என்பது விதி. அந்த நாலு மீட்டர் கோடு இன்றுவரை அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் நடப்பில் உள்ள ஜி.எஸ்.டி.யும் அதே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறது: கோட்டுக்குள் இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40 சதவீதம். இதனால்தான் வென்யூ, சோனெட், நெக்ஸான், மேக்னைட் எல்லாம் 3,995 மில்லிமீட்டரை ஒட்டியே வந்து நிற்கின்றன. மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின்கள் இத்தனை பெருகியதற்கும் இதுவே முக்கியக் காரணம். பிரெஸ்ஸா நீளத்தில் தேறிவிடுகிறது. ஆனால் அதன் 1,462 சிசி பெட்ரோல் எஞ்சின் கோட்டைத் தாண்டுவதால் 40 சதவீதத்தில் விழுகிறது. பார்வைக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு வண்டிகளின் விலை வேறுபடுவதற்குப் பின்னால் இப்படி ஒரு சட்ட வரி ஒளிந்திருக்கிறது. நாலு மீட்டருக்குள் எஞ்சின், ஐந்து பேர், டிக்கி மூன்றும் அடங்க வேண்டும். ஆகவே பின் சீட்டில் மூன்று பெரியவர்கள் தோள் இடிக்காமல் உட்கார முடிவதில்லை. பானெட் உயர்ந்து, கூரை உயர்ந்து வண்டி பெரிதாகத் தெரிந்தாலும், உள்ளே கிடைக்கும் இடம் ஒரு நல்ல ஹேட்ச்பேக்கைவிடச் சற்றுத்தான் கூடுதல்.

"எங்கள் ஊர்ச் சாலை தெரியாமல் பேசுகிறீர்கள்" என்று ஒருவர் மறுக்கலாம். அந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது. புதுக்கோட்டை மாவட்டம் செம்மண்ணும் சரளையுமான பூமி. குலதெய்வக் கோயில் பெரும்பாலும் தார்ச்சாலையை விட்டு உள்ளே, கண்மாய்க் கரையைத் தாண்டி இருக்கும். மாட்டு வண்டியும் டிராக்டரும் அழுத்திய இரண்டு தடங்களுக்கு நடுவே மண் மேடு எழும்பி நிற்கும். ஐந்து பேரும் பொங்கல் சாமானும் ஏறிய ஸ்விஃப்டின் அடிவயிறு அதில் உரசத்தான் செய்யும். ஸ்விஃப்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மில்லிமீட்டர்; நெக்ஸானில் 208. அந்த இடைவெளி சுமார் நாலரை செ.மீ. ஊருக்குள் யார் யாரோ தங்கள் விருப்பத்துக்குப் போட்டு வைத்திருக்கும் வேகத்தடைகளிலும் இந்த நாலரை செ.மீ. கைகொடுக்கும். இதை முழுமனதோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் உயரம் வேறு, இழுவை வேறு. பஞ்ச், வென்யூ, நெக்ஸான், பிரெஸ்ஸா எல்லாமே முன் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிகள். மழைக்குப் பிறகு கண்மாய் உள்வாயில் சேறு கட்டினால், ஆல்டோ சிக்கும் இடத்தில் இவையும் சிக்கும். நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமானால் தார், ஜிம்னி போன்ற ஜீப் வகை வண்டியைத்தான் வாங்க வேண்டும். அவற்றை அன்றாடம் குடும்பத்தோடு ஓட்டுவது வேறு கதை. திருச்சி, காரைக்குடி, தஞ்சாவூர், அறந்தாங்கி என்று இந்த ஊர்க்காரர்கள் போகும் பாதைகள் எல்லாம் தார்ச்சாலைகள். சித்தன்னவாசலுக்கும் திருமயம் கோட்டைக்கும் போக ஹேட்ச்பேக்கே போதும்.

இந்த வண்டிகளுக்கு உண்மையான நியாயம் எனக்குத் தெரிந்து வேறு இடத்தில் இருக்கிறது: சீட்டின் உயரத்தில். முழங்கால் தேய்ந்த ஒரு பாட்டி தாழ்ந்த காரில் ஏறுவதைப் பாருங்கள். முதலில் கதவைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கி, ஒரு கட்டத்துக்கு மேல் உடம்பைப் பொத்தென்று விட்டுவிட வேண்டும். எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். சீட் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டால் அவர் நகர்ந்து உட்காரலாம், நகர்ந்தே இறங்கலாம். முதியவர்கள் உள்ள வீட்டில் இந்த ஒரு காரணமே போதும். ஆனால் எல்லா மாடலிலும் இது ஒரே மாதிரி இல்லை. சிலவற்றில் கதவின் அடிச்சட்டம் உயரமாகவும் அகலமாகவும் இருப்பதால், சேலை கட்டியவர்கள் காலைத் தூக்கி வைக்கச் சிரமப்படுவார்கள். ஷோரூமுக்கு வீட்டுப் பிள்ளை மட்டும் போய், டச் ஸ்க்ரீனையும் சன்ரூஃபையும் பார்த்து முன்பணம் கட்டிவிட்டு வருவதில் உள்ள கோளாறு இதுதான். பாட்டியை அழைத்துப் போய் பின் சீட்டில் மூன்று முறை ஏற்றி இறக்கிப் பார்த்தால் பாதி முடிவு அங்கேயே எடுத்தாகிவிடும்.

அடுத்த வாதம் பாதுகாப்பு. பெரிய வண்டி என்றால் பத்திரம் என்பது ஊர் நம்பிக்கை. 2018 டிசம்பரில் நெக்ஸான் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியபோது, இந்தியத் தயாரிப்பில் அந்தத் தரம் பெற்ற முதல் கார் அதுதான். அந்தப் பெருமை இந்த வகை முழுவதன் மேலும் படிந்துவிட்டது. ஆனால் 2024 நவம்பரில் தாழ்வான செடானாகிய புதிய டிசையரும் அதே சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. உயிரைக் காப்பது உடற்கூட்டின் கட்டுமானமும் ஏர்பேக்கும் சீட் பெல்ட்டும்தான். உயரத்துக்கு அதில் பங்கில்லை. உயரமான வண்டி வளைவில் அதிகம் சாயும் என்பதும் உண்டு. திருச்சி சாலையில் வேகமாகப் போகும்போது குறுக்கே ஆடு ஓடினால், திடீரென்று ஒடிக்கும் வண்டியை நிலைநிறுத்துவது இ.எஸ்.சி. என்ற மின்னணுக் கட்டுப்பாடு. அது இல்லாத மாடலை, எவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைத்தாலும், வாங்கக் கூடாது என்பேன். 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்று நம் நாட்டுக்கே சோதனை முறை வந்துவிட்டது. நட்சத்திரம் எத்தனை என்று கேட்பதோடு, எந்த ஆண்டில், எத்தனை ஏர்பேக் உள்ள வண்டிக்குக் கிடைத்தது என்றும் கேட்க வேண்டும்.

பணக் கணக்கில் பலரும் தடுமாறுவது பத்து லட்சம் என்ற இடத்தில். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றியமைக்கப்பட்ட ஆயுள் வரியின்படி, 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். இந்த 18 சதவீதம் கூடுதல் தொகைக்கு மட்டும் இல்லை, மொத்த விலைக்கும் போடப்படுகிறது. 9 லட்சத்து 90 ஆயிரம் விலையுள்ள மாடலுக்கு வரி 1,28,700 ரூபாய். அதற்கு அடுத்த மாடல் 10 லட்சத்து 10 ஆயிரம் என்றால் வரி 1,81,800. விலையில் இருபதாயிரம் ஏறியதற்கு வரியில் ஐம்பத்து மூன்றாயிரம் ஏறுகிறது. பத்து லட்சத்துக்கு மேல் டி.சி.எஸ். என்ற முன்வரி ஒரு சதவீதம் வேறு பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம் என்றாலும் வாங்கும் அன்று கையிலிருந்துதான் போக வேண்டும். எக்ஸ்-ஷோரூம் விலையை மட்டும் பார்த்து "இன்னும் இருபதாயிரம்தானே" என்று டாப் மாடலுக்குத் தாவுகிறவர் இதைக் கவனிப்பதில்லை. மேலே போகப் போகக் கிடைப்பதும் பல சமயம் சன்ரூஃபும் பெரிய அலாய் சக்கரமும்தான். பெரிய சக்கரத்தில் டயரின் பக்கச் சுவர் மெலிந்துவிடும். நம் சாலைக் குழிகளுக்குக் கீழ் மாடலில் வரும் தடித்த டயரே மேல்.

டீசலா பெட்ரோலா என்ற கேள்விக்கும் பயன்பாட்டில்தான் பதில் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, டீசல் கார்களின் புகைப்போக்கியில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அந்தக் கரி எரிந்து தீர, வண்டி சீரான வேகத்தில் கொஞ்ச நேரமாவது தொடர்ந்து ஓட வேண்டும். திருக்கோகர்ணத்திலிருந்து புதுக்கோட்டை டவுனுக்குப் பள்ளிக்கூடம், மார்க்கெட், பஸ் ஸ்டாண்ட் என்று மட்டும் ஓடும் வண்டியில் அந்த வடிகட்டி அடைத்துக்கொண்டு, டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். வாரத்தில் சில நாள் திருச்சி போய்வருகிறவருக்கு டீசல் லாபம். மற்றவர்களுக்குப் பெட்ரோல் போதும்.

வாங்கிய பிறகு பத்தாண்டு வைத்திருக்கப் போகும் பொருள் இது. 2013-இல் இந்த வகையை நாடெங்கும் பிரபலமாக்கிய ஃபோர்டு எகோஸ்போர்ட், சென்னையை அடுத்த மறைமலை நகரில் தயாரானது. ஓட்டியவர்கள் இன்றும் அதைப் பாராட்டுவார்கள். 2021 செப்டம்பரில் அந்நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸ் தொடரும் என்று சொல்லியிருந்தாலும், சின்ன ஊரில் இருக்கும் உரிமையாளருக்குப் பக்கத்தில் சர்வீஸ் சென்டர் இல்லை என்றால், ஒரு பிரேக் பேடு மாற்றக்கூட ஒரு நாள் போய்விடும். எனவே எந்த மாடல் சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால், அந்த கம்பெனிக்குப் புதுக்கோட்டையிலேயே அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் இருக்கிறதா, சுமார் 50 கிலோமீட்டர் தள்ளித் திருச்சிக்குப் போக வேண்டுமா என்று கேட்பது நல்லது. பம்பர், ஹெட்லைட், விண்ட்ஷீல்டு மூன்றின் விலையையும் அந்த சர்வீஸ் சென்டரிலேயே கேட்டு எழுதிக்கொண்டு வந்து, அதற்குப் பிறகு ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் கேளுங்கள். ஓட்டும்போது வீட்டார் ஐந்து பேரும் வண்டியில் இருக்கட்டும், ஏசி ஓடட்டும், வழியில் ஊர் வேகத்தடை இரண்டாவது இருக்கட்டும்.