கால்மாட்டில் படுக்கும் நாய்

நாயையோ பூனையையோ படுக்கையில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். ஒன்று, 'சீ, அசுத்தம்'. மற்றொன்று, 'அது எங்கள் வீட்டுப் பிள்ளை'. முதல் பதிலைச் சொல்பவர்கள் நோயை மட்டும் எண்ணுகிறார்கள். இரண்டாவதைச் சொல்பவர்கள் பாசத்தை மட்டும். கடந்த சில ஆண்டுகளில் உறக்கத்தை ஆராய்பவர்களும் கால்நடை மருத்துவர்களும் இந்தப் பழக்கத்தை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அந்த அளவீடுகளைச் சேர்த்துவைத்துப் படித்தால், ஆரோக்கியமான ஒருவர், முறையாகப் பராமரிக்கப்படும் விலங்குடன் படுப்பதால் இழப்பது கொஞ்சம் உறக்கத்தைத்தான் என்று தெரிகிறது. அந்தக் கொஞ்சத்தை ஆறுதலுக்காக விட்டுக்கொடுப்பதா இல்லையா என்பது அவரவர் விருப்பம். ஆனால் 'ஆரோக்கியமான', 'முறையாகப் பராமரிக்கப்படும்' என்ற இரண்டு நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

இந்தப் பழக்கம் செல்வம் பெருத்த நகரங்களின் புதுமோகம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் இது மிகப் பழையது. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைநிலங்களில் இரவுக் குளிர் கடுமையானது. அங்கே வாழ்ந்த தொல்குடி மக்கள் டிங்கோ நாய்களை அணைத்துக்கொண்டு உறங்கியதை ஐரோப்பியப் பயணிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். நம்முடையதைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதல். போர்வையில்லாத இரவில் அது பெரிய உதவி. நம் ஊர் அக்கினி நட்சத்திர இரவில் அதே வெப்பம் உபத்திரவம். உறக்கம் பிடிக்க வேண்டுமானால் உடலின் உள்வெப்பம் சற்றுத் தணிய வேண்டும். விலாவோடு ஒட்டிக்கிடக்கும் நாய் அதைத் தடுக்கும். குளிர்நாட்டு ஆய்வுகளை இங்கே படிக்கும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

இதுவரை வந்த ஆய்வுகளில் அதிகம் பேசப்பட்டது, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2017-இல் வெளியிட்டது. உறக்கக் கோளாறு எதுவும் இல்லாத 40 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாருடைய படுக்கையறையிலும் ஒரு நாய் உறங்கியது. ஏழு இரவுகள், மனிதரின் மணிக்கட்டில் ஓர் அசைவுமானி, நாயின் கழுத்துப்பட்டையில் இன்னொன்று. படுக்கையில் கிடந்த நேரத்தில் உண்மையாக உறங்கிய நேரம் எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டார்கள். நாய் அறைக்குள், ஆனால் கட்டிலுக்கு வெளியே படுத்திருந்தபோது அது 83 சதவீதம். நாய் கட்டிலில் ஏறிப் படுத்தபோது 80 சதவீதம். நாய்களின் உறக்கமோ எங்கே படுத்தாலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்தது. எட்டு மணி நேரம் படுத்திருப்பவருக்கு மூன்று சதவீதம் என்பது சுமார் 14 நிமிடம். அறையில் நாய் இருப்பதே உறக்கத்தைக் கெடுக்கும் என்ற பழைய அறிவுரைக்கு இந்த ஆய்வில் ஆதரவு கிடைக்கவில்லை. வேறுபாடு தரைக்கும் மெத்தைக்கும் இடையில்தான் தெரிந்தது.

இந்த மூன்று சதவீதத்தைக்கூட அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அசைவுமானி அளப்பது அசைவை; உறக்கத்தை அது ஊகிக்கிறது. ஒரே மெத்தையில் நாய் புரண்டால் அந்த அதிர்வு மனிதரின் கையையும் ஆட்டும். கருவி அதை விழிப்பாகப் பதிவு செய்துவிட வாய்ப்புண்டு. மேலும், யார் நாயைக் கட்டிலில் ஏற்றுவது, யார் தரையில் விடுவது என்பதை ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் தீர்மானிக்கவில்லை. எனவே இந்த எண் ஒரு தோராயமான சுட்டுதான்.

அசைவு கூடினால் உறக்கம் கெட்டது என்று பொருளா என்பது இன்னும் அடிப்படையான கேள்வி. அதற்கான விடையைத் தம்பதிகளிடம் நடத்திய ஆய்வுகளில் தேடலாம். 1994-இல் பிரிட்டனில் 46 ஜோடிகளை வைத்து நடந்த ஆய்வில், துணை அருகில் இல்லாத இரவுகளில் ஆட்கள் குறைவாகவே அசைந்தார்கள். ஆனாலும் துணையுடன் படுக்கும்போதுதான் நன்றாக உறங்குவதாகப் பெரும்பாலோர் சொன்னார்கள். 2020-இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஹென்னிங் ட்ரூஸ் குழுவினர் 12 இளம் ஜோடிகளுக்கு மூளை அலைகளையே பதிவு செய்து பார்த்தபோது இந்த முரண் கொஞ்சம் விளங்கியது. சேர்ந்து படுத்த இரவுகளில் கைகால் அசைவு கூடியது உண்மை. ஆனால் கனவுகள் மிகுந்து வரும் உறக்க நிலை சுமார் பத்து சதவீதம் நீண்டது. இடையிடையே அறுபடுவதும் குறைந்தது. நம்பிக்கைக்குரிய ஒருவர் அருகில் இருக்கும்போது உடல் அசைந்தாலும் மூளை அமைதியடைகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். மனிதத் துணைக்குப் பொருந்துவது நாய்க்கும் பொருந்தும் என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்லிவிட முடியாது. அசைவுமானியின் தீர்ப்பை மட்டும் நம்பி நாயை அறைக்கு வெளியே அனுப்பிவிடவும் முடியாது.

ஆட்கள் தாமே சொல்வதைக் கேட்டால் என்ன? நியூயார்க் மாநிலத்தின் கனிஷியஸ் கல்லூரியைச் சேர்ந்த கிறிஸ்டி ஹாஃப்மன் 2018-இல் அமெரிக்கப் பெண்கள் 962 பேரிடம் கேட்ட கணக்கெடுப்பில், 55 சதவீதத்தினர் ஒரு நாயோடாவது படுக்கையைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். பூனையோடு பகிர்ந்தவர்கள் 31 சதவீதம். மனிதத் துணையைவிட நாய் உறக்கத்தைக் குறைவாகவே கெடுக்கிறது, பாதுகாப்பு உணர்வைக் கூடுதலாகத் தருகிறது என்றார்கள். பூனைக்கு அந்த நற்சான்று கிடைக்கவில்லை. மனிதத் துணையளவுக்கு அதுவும் உறக்கத்தைக் கெடுப்பதாகச் சொன்னார்கள். காரணம் ஊகிக்கக்கூடியதே. பூனை அந்தியிலும் விடியலிலும் இரை தேடும் உயிரினம். நாம் அயர்ந்து கிடக்கும் அதிகாலை நான்கு மணி அதற்குச் சுறுசுறுப்பான வேளை. கனடாவில் மான்ட்ரியல் நகரின் கன்கார்டியா பல்கலைக்கழகத்தினர் 2021-இல் 11 முதல் 17 வயது வரையுள்ள 188 பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். மூன்றில் ஒரு பங்கினர் விலங்குகளோடு உறங்குபவர்கள். மற்றவர்களுடைய உறக்கத்துக்கும் இவர்களுடைய உறக்கத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

எதிர்த்திசையில் நிற்கும் சான்றையும் மறைக்கக் கூடாது. 2024-இல் சுமார் 1,600 அமெரிக்கர்களிடம் நடந்த ஆய்வில், விலங்குடன் படுப்பவர்கள் தங்கள் உறக்கத்தைத் தாழ்வாகவே மதிப்பிட்டார்கள். உறக்கமின்மையின் கடுமையும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது. பூனை விஷயத்தில் அந்தத் தொடர்பு தெரியவில்லை, நாய் விஷயத்தில் தெரிந்தது. முந்தைய கணக்கெடுப்புக்கு இது நேர் எதிர். எது சரி? இரண்டையும் ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஹாஃப்மன் கேட்டது, 'உங்கள் நாய் உறக்கத்தைக் கெடுக்கிறதா' என்று. பிந்தைய ஆய்வு கேட்டது, 'உங்கள் உறக்கம் எப்படி இருக்கிறது' என்று. ஏற்கனவே தூக்கம் வராமல் தவிப்பவர்கள்தான் நாயை அருகே அழைத்துக்கொள்கிறார்கள் என்றாலும் இதே முடிவு கிடைக்கும். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் நாள்பட்ட வலியால் அவதிப்படுபவர்களிடம் 2018-இல் பேசியபோது, நாய் உடன் படுப்பது வலியோடு கழியும் இரவைத் தாங்கிக்கொள்ள உதவுவதாகச் சொன்னார்கள். அவர்கள் மோசமாக உறங்குகிறவர்கள், நாயும் வைத்திருக்கிறவர்கள். நாயை வெளியேற்றினால் அவர்களுடைய உறக்கம் சீராகும் என்று கணக்குப் போடுவது எவ்வளவு பெரிய தவறு!

இனி நோய்க்கு வருவோம். இங்கே உணர்ச்சிக்கு இடமில்லை. கலிஃபோர்னியாவின் புருனோ ஷோமெலும் பென் சன்னும் 2011-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, படுக்கையறையில் விலங்கிடமிருந்து மனிதருக்குத் தொற்றிய நோய்களைத் தொகுத்துக் காட்டுகிறது. அரிசோனாவில் நோயுற்ற பூனையுடன் உறங்கிய ஒன்பது வயதுச் சிறுவனுக்குப் பிளேக் வந்தது. இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 69 வயது முதியவரின் புண்ணை, போர்வைக்குள் அவரோடு படுத்த நாய் நக்கிவந்தது. அவருக்கு மூளை உறை அழற்சி ஏற்பட்டது. நியூ மெக்ஸிகோவில் பிளேக்கிலிருந்து பிழைத்தவர்களை ஆராய்ந்த வேறொரு குழு, நாயோடு ஒரே படுக்கையில் உறங்கியவர்கள் அவர்களிடையே அதிகமாக இருந்ததைக் கண்டது. இவை அரிதான நிகழ்வுகள் என்பதை ஷோமெலும் ஒப்புக்கொள்கிறார். அரிதானவை என்பதற்காக ஒதுக்கிவிடாமல், எந்த வழியாகத் தொற்றின என்று பார்ப்பதே பயனுள்ளது. பிளேக்கில் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி. முதியவர் விஷயத்தில் திறந்த புண்ணில் பட்ட எச்சில்.

வழிகளைப் பிரித்துப் பார்த்தால் நம் அச்சங்களில் சில இடம் மாறிவிடும். நாயின் உருண்டைப்புழு முட்டை, மலத்தோடு வெளியேறியதுமே தொற்றுவதில்லை. மண்ணில் வாரக்கணக்கில் கிடந்து முதிர வேண்டும். கொக்கிப்புழுவின் முட்டை ஈரமண்ணில் பொரித்து, லார்வா வளர்ந்த பிறகே வெறுங்காலின் தோலைத் துளைக்கும். பூனை மலத்தில் வரும் டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணிக்கும் குறைந்தது ஒரு நாளாவது தேவை. ஆக, இந்த மூன்றுக்கும் மெத்தையைவிட முற்றமும் தோட்டமும் பூனை மலம் கழிக்கும் மணல்தட்டும் பெரிய களங்கள். உடலோடு உடல் ஒட்டிப் படுப்பதால் நேரடியாகப் பரவுபவை வேறு: படர்தாமரை, சொறி, தெள்ளு, உண்ணி. தெள்ளு இடும் முட்டை விலங்கின் உடம்பில் ஒட்டியிருக்காது. அது உதிர்ந்து விரிப்பிலும் தரையிடுக்கிலும் விழுந்து அங்கேதான் பொரிக்கும். பூனைப் பிறாண்டல் காய்ச்சலை உண்டாக்கும் பாக்டீரியாவும் தெள்ளின் கழிவு வழியாகவே பூனையின் நகத்துக்கு வருகிறது. குழந்தை தப்பித்தவறி ஒரு தெள்ளை விழுங்கினால் நாயின் நாடாப்புழுவும் கூடவே போகும். தெள்ளையும் உண்ணியையும் ஒழித்துவிட்டால் படுக்கையறைத் தொற்றுகளில் பெரும்பகுதியின் வேர் அறுந்துவிடும்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வாழ்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கடுங்குளிர் உள்ள நாடுகளில் பனிக்காலம் இந்தப் பூச்சிகளை ஓரளவு அடக்கிவைக்கும். நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆண்டு முழுவதும் அவை பெருகும். நாய்களில் காணும் பழுப்பு உண்ணி வீட்டுச் சுவரிடுக்கிலேயே முட்டையிட்டுக் குடும்பம் நடத்தக்கூடியது. மழைக்காலத்தில் மட்டும் மருந்து போடுவது என்ற பழக்கம் இங்கே போதாது. பகலில் தெருவில் திரிந்து இரவில் மெத்தைக்கு வரும் நாய், ஆய்வுகளில் பங்கேற்ற வீட்டு நாய்களோடு ஒப்பிடத்தக்கதே அல்ல. கால்நடை மருத்துவர் சொல்லும் காலத்துக்கு வெறிநோய்த் தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து இந்த மூன்றையும் தவறாமல் தருகிறவர்களுக்கு மட்டுமே நான் மேலே சொன்ன 'கொஞ்சம் உறக்கம்தான் இழப்பு' என்ற கணக்கு பொருந்தும்.

விலங்கு எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் சிலருடைய படுக்கையில் அதற்கு இடமில்லை. கைக்குழந்தை முதலாவது; மூச்சு அடைபடும் ஆபத்துக்கு எந்தப் பாசமும் ஈடாகாது. புற்றுநோய்க்கு வேதிசிகிச்சை பெறுபவர்கள், உறுப்புமாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், உடம்பில் ஆறாத புண் உள்ளவர்கள் அடுத்து. ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் உள்ளவர்களுக்குப் படுக்கையறைக் கதவையே மூடிவிடுவது நல்லது. பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒவ்வாமைப் புரதம் மிக நுண்ணிய துகள்களில் ஒட்டிக் காற்றில் நெடுநேரம் மிதக்கும். ஒவ்வாமை தராத நாயினம் என்று விற்கப்படுபவற்றை நம்பவும் ஆதாரம் இல்லை; அத்தகைய நாய்கள் உள்ள வீடுகளின் தூசியில் ஒவ்வாமைப் புரதம் குறைவாக இல்லை என்பதை 2011-இல் டெட்ராய்ட் ஆய்வு ஒன்று காட்டியது. இதற்கு எதிராகச் சிலர் டெட்ராய்ட்டிலேயே 2002-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வை எடுத்துவைப்பார்கள்: முதல் ஆண்டிலேயே இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாய், பூனைகளோடு வளர்ந்த பிள்ளைகளிடம் ஆறேழு வயதில் ஒவ்வாமை குறைவாக இருந்தது என்பது உண்மைதான். ஆனால் அது வீட்டில் விலங்கு இருப்பதைப் பற்றிய முடிவு. தொட்டிலுக்குள் அதைப் படுக்கவைக்கச் சொல்லும் முடிவு ஆகாது.

நாய் பழக்குபவர்கள் எழுப்பும் ஆட்சேபம் ஒன்று மீதமிருக்கிறது: கட்டிலில் ஏற்றினால் நாய் தன்னையே வீட்டுத் தலைவனாக நினைத்துக்கொள்ளும் என்பது. இதன் வேர், சுவிட்சர்லாந்தின் ருடால்ஃப் ஷெங்கெல் 1947-இல் அடைபட்ட ஓநாய்களின் தலைமைப் போட்டியைப் பற்றி எழுதியதில் இருக்கிறது. அந்தக் கருத்தைப் பரப்பிய ஓநாய் அறிஞர் டேவிட் மெக், இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெற்றோரும் பிள்ளைகளும் கொண்ட குடும்பமே என்று 1999-இல் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். 711 நாய் வளர்ப்பவர்களிடம் நடத்தி விக்டோரியா வாய்த் 1992-இல் வெளியிட்ட ஆய்வும், செல்லம் கொடுப்பதற்கும் நாயின் நடத்தைக் கோளாறுக்கும் தொடர்பைக் காணவில்லை. இருந்தாலும், மெத்தையிலிருந்து நகர்த்தினால் உறுமுகிற நாயைப் படுக்கையில் வைத்துக்கொள்ளக் கூடாது. அது தலைமைப் போட்டி இல்லாமல் இருக்கலாம். வலியாகவோ பயமாகவோ இருக்கலாம். உறங்கும் மனிதரின் முகத்துக்கு அருகே பற்கள் இருக்கின்றன என்பது மட்டும் மாறப்போவதில்லை. அந்த உறுமலின் காரணத்தை மருத்துவரிடம் கேட்டறிவதே முதல் வேலை.

நாயைக் கட்டிலில் ஏற்றும் முடிவைப் பலர் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் இரவிலேயே, அது அழுவதைப் பொறுக்க முடியாமல் எடுத்துவிடுகிறார்கள். அன்று இரு கைகளில் அடங்கும் லேப்ரடார் குட்டி ஓராண்டுக்குள் முப்பது கிலோவை நெருங்கும். வீட்டில் பிரசவமோ பெரிய அறுவை சிகிச்சையோ வரும்போது அதைத் திடீரென்று கதவுக்கு வெளியே விட்டால், தான் செய்த தவறு என்ன என்று அதற்கு விளங்காது. இரவெல்லாம் கதவைப் பிறாண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் அதற்கென்று ஒரு விரிப்பைப் போட்டு, முதல் வாரத்திலிருந்தே அதில் பழக்கினால் இந்தச் சிக்கல் வராது. மேயோ ஆய்வில் 83 சதவீதம் கிடைத்ததும் அந்த ஏற்பாட்டில்தான். ஏற்கனவே கட்டிலில் பழகிவிட்ட நாயை மாற்ற வேண்டியிருந்தால், குழந்தை பிறக்கும் நாளுக்குச் சில மாதங்கள் முன்பே தொடங்கி, அந்த விரிப்பில் படுக்கும்போதெல்லாம் தின்பண்டமும் தடவலும் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும்.